எடுக்கக் குழாய் உண்டு, திருப்பக் குழாய் இல்லை

2024 மே மாதம் ஏலூர், எடயார் பகுதியில் பெரியாற்று மீன்கள் செத்து மிதந்தபோது, எந்த ஆலை குற்றவாளி என்பதே விவாதமாயிற்று. ஆலைகளை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒற்றைக் கேள்விக்குப் பின்னால் நகரம் ஒளிந்துகொள்ளக் கூடாது.

ஆலுவாவில் ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரித்துக் கொச்சி வீடுகளுக்குக் குழாய்வழி அனுப்புகிறோம். அந்த நீர் கழிவாக வெளியேறக் குழாய் எங்கே? எளங்குளத்துப் பழைய சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு வெறும் 45 லட்சம் லிட்டர். நகரின் சிறு பகுதிக்கே அது போதும். ஏனைய வீடுகளுக்குப் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான் கதி. அது கசடைப் படியவைக்குமேயன்றி நீரை முழுமையாகத் தூய்மையாக்காது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் கொச்சியில், கசியும் கழிவை வடிகட்ட மண்ணுக்கும் ஆழமில்லை. அது கால்வாய்களில் கலந்து வேம்பநாட்டுக் காயலைச் சேர்கிறது.

2022இல் கோழிக்கோடு ஆவிக்கல் தோட்டில் சுத்திகரிப்பு நிலையத்தை மக்கள் எதிர்த்தனர். அதை அறியாமை என்று தள்ளுவது ஆணவம். அதையே காரணமாக்கித் திட்டத்தைக் கிடப்பில் போடுவது கோழைத்தனம். மக்களோடு பேசி இடம் தேர்வதே ஆட்சி.

கோரிக்கை ஒன்றே: கழிவுநீர்க் குழாய்க்கும் சேர்த்து நிதி ஒதுக்காத எந்தக் குடிநீர்த் திட்டத்துக்கும் இனி ஒப்புதல் கூடாது.