எச்சரிக்கையைப் படிப்பதா, மறைப்பதா?

தமிழ்த்துறையாருக்குக் கணிப்பொறி நிரலில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டுவோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. கணிப்பொறி அறிவியல் மாணவர்கள் தம் புராஜெக்ட் அறிக்கைகளுக்குக் கலைச்சொல் கேட்டு அவ்வப்போது நம் துறைக்கு வருவதுண்டு. அவ்வாறு வந்த ஒருவர் சி மொழியில் தாம் எழுதிய நிரலை நமக்கு ஓட்டிக் காட்டினார். விடை வருவதற்கு முன்னர்த் திரையில் பன்னிரண்டு எச்சரிக்கைகள் வரிசையாகத் தோன்றின. இவை யாவை என்று கேட்டோம். “அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை ஐயா, விடை சரியாக வந்துவிடுகிறது” என்றார். அவை தோன்றாமலே மறைத்துவிடும் வழியொன்றையும் காட்டினார். மெய்ப்புத் திருத்திப் பழகிய நமக்கு அவ்விடை உறுத்திற்று. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. எழுதுபவர்மீது முழு நம்பிக்கை வைக்கும் மொழி அது. நினைவகத்தில் பத்து எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு இருபது எழுத்தை அங்கே கொட்டினாலும் தானாகத் தடுக்காது. மிகுந்த எழுத்துகள் பக்கத்து இடத்தில் இருந்த செய்தியை அழித்துவிட்டு அங்கே அமர்ந்துகொள்ளும். நிரல் அப்போதே நின்றுபோகலாம்; ஒன்றும் நேராததுபோல் ஓடிக்கொண்டும் இருக்கலாம். பின்னதே கொடிது.

அதன் கொடுமையை உலகம் 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் கண்டது. ராபர்ட் மோரிஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் விடுத்த புழுநிரல் அன்று இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, ஃபிங்கர் என்னும் பணிநிரலில் இருந்த ஓட்டை. அங்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் 512 பைட். புழு அனுப்பியதோ 536 பைட். வருவது எவ்வளவு என்று கேளாமலே வாங்கி எழுதும் ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறு அத்தனையையும் எழுதிக்கொண்டது. அந்தக் ‘கெட்ஸ்’ சி மொழியின் தர வரையறையிலிருந்து நீக்கப்பட்டது 2011இல்தான். ஆபத்து என்று அறிந்த ஒன்றை விலக்க இருபத்து மூன்று ஆண்டுகள்!

இத்தகைய பிழைகளை நிரலை ஓட்டாமலே, அதன் எழுத்தைப் படித்தே கண்டறியும் முறைக்கு ஸ்டேட்டிக் அனாலிசிஸ் என்று பெயர். ‘இயக்காநிலைப் பகுப்பாய்வு’ என நாம் அதனைத் தமிழாக்கினோம். இதற்கான மூத்த கருவிகளுள் ஒன்று, பெல் ஆய்வகத்திலேயே ஸ்டீபன் ஜான்சன் 1978இல் எழுதிய ‘லிண்ட்’. துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல் அது. பெயரிட்டவர் நயமறிந்தவர் எனலாம்.

பின்வந்த கருவிகள் இன்னும் ஆழ்ந்து படிக்கின்றன. நிரல் எங்கெங்குக் கிளைக்கிறதோ அங்கெல்லாம் ஒவ்வொரு வழியிலும் சென்று, ஒரு மாறி அவ்விடத்தில் என்னென்ன மதிப்புக் கொள்ளலாம் என்று கணக்கிடுகின்றன. வெளியிலிருந்து வந்த தரவைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொண்டு, அது சோதனையின்றி நினைவக அளவாகவோ சுட்டெண்ணாகவோ போய்ச் சேர்கிறதா என்று பின்தொடர்கின்றன. ஓட்டிப் பார்க்கும் சோதனை நாம் கொடுத்த உள்ளீடுகளை மட்டுமே அறியும். இவ்வாய்வோ, இதுவரை எவரும் நடவாத வழியிலும் நடந்து பார்க்கும்.

ஆயினும் இக்கருவிகளைத் தெய்வவாக்காகக் கொள்ளலாகாது. எந்த நிரலையும் ஆராய்ந்து ஐயமற விடைகூறும் பொதுநிரல் இருக்க முடியாது என்பதனை டூரிங் 1936இலும் ரைஸ் 1953இலும் நிறுவிய தேற்றங்கள் காட்டுகின்றன. எனவே கருவி இல்லாத பிழையை உண்டு என்னும்; அன்றேல் உள்ள பிழையைத் தவறவிடும். பெரும்பாலானவை இரண்டையும் செய்யும்.

தவறவிட்டதற்குச் சான்று ‘ஹார்ட்பிளீட்’. 2012 மார்ச்சில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1இல் புகுந்து, 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட பிழை இது. இணைப்பு உயிரோடு உள்ளதா என்றறிய ஒரு முனை சில எழுத்துகளை அனுப்பும். மறுமுனை அவற்றையே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புபவர் ஓரெழுத்தை அனுப்பிவிட்டு அறுபதாயிரத்துக்கு மேல் அனுப்பியதாகச் சொன்னால்? மறுமுனை அளந்து பாராமல், தன் நினைவகத்தில் அடுத்திருந்தவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல்லும் மறைகுறியீட்டுத் திறவியும் அதில் அகப்பட்டன.

கவரிட்டி என்னும் புகழ்பெற்ற ஆய்வுக்கருவி இப்பிழையைக் கண்டிலது. அந்த அளவெண் வெளியாள் கொடுத்தது என்று அதற்குத் தெரியவில்லை. பின்னர் அதன் பொறியாளர்கள் ஒரு நுட்பம் கண்டனர். வலையில் வரும் எண்களில் பெரிய பைட் முதலில் வரும். நம் கணிப்பொறிகள் பெரும்பாலும் சிறியதை முதலில் வைப்பன. ஆகவே ஓரெண்ணின் பைட்டுகளை நிரல் வரிசை மாற்றுகிறது என்றால், அவ்வெண் வெளியிலிருந்து வந்ததாக இருக்கும் என்று கொள்ளலாம் அல்லவா? பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லும் பெரியவர்களின் சாமர்த்தியம் போன்றது இது. அவ்விதியைச் சேர்த்ததும் கருவி பிழையைச் சுட்டியது. இதில் நம்மைக் கவர்ந்தது கருவியன்று. தவறவிட்டதை மறைக்காமல், ஏன் தவறவிட்டோம் என்று ஆராய்ந்த மனம்.

பொருள் உணராமல் எச்சரிக்கையை அடக்கியதன் விளைவு டெபியனில் தெரிந்தது. 2006இல், நிரலை ஓட்டிப் பார்க்கும் வேறுவகைக் கருவியான வால்கிரைண்ட் தந்த எச்சரிக்கையைப் போக்க, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சில வரிகளைச் செயலற்றவையாக்கினர். செய்தவர் அசட்டையானவர் அல்லர். பொதுவில் கேட்ட பின்னரே செய்தார். எச்சரிக்கை நின்றது. ஆனால் திறவிகளுக்கு வேண்டிய தற்போக்குத் தன்மையை ஊட்டியவையும் அவ்வரிகளே. ஒரே வகையும் நீளமும் கொண்ட திறவிகள் ஏறத்தாழ 32,768க்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது.

நினைவகப் பாதுகாப்புள்ள ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாறிவிட்டால் போதும் என்பாரும் உளர். புதியன எழுதுவோர் மாறட்டும், மறுக்கவில்லை. ஆனால் சி மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்டவை கோடிக்கணக்கான வரிகள். அவற்றைக் காக்கவும் ஆள் வேண்டும்.

செய்முறைத் தேர்வில் விடை வந்தால் மதிப்பெண் என்னும் வழக்கமே மாணவரைக் கெடுக்கிறது என்பது நம் கருத்து. சி மொழி கற்பிக்கும் முதல் வாரத்திலேயே ஆய்வுக்கருவியையும் கையில் கொடுத்தல் வேண்டும். செலவு என்று தட்டிக்கழிக்க இயலாது. சிபிபிசெக், கிளாங் ஆய்வி ஆகியவை இலவசம். ஜிசிசியோ 2020இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் தன்னுள்ளேயே ஓர் ஆய்வியைக் கொண்டுள்ளது. எச்சரிக்கைகளின் மிகுதி தொடக்க மாணவரை மலைக்கச் செய்யும் என்பது மெய். அதனால் முதற்பருவத்தில் நினைவக எல்லை பற்றியவற்றை மட்டும் காட்டலாம். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும், அது மெய்யா பொய்யா, ஏன் என்று ரெக்கார்டு நோட்டில் ஒரு வாக்கியம் எழுதச் செய்து, அவ்வாக்கியத்துக்கு மதிப்பெண் வழங்கலாம்.

மேற்சொன்ன மாணவரை அவ்வாறே எழுதி வரப் பணித்தோம். மறுவாரம் வந்தார். பன்னிரண்டில் பத்து, அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறிகள் பற்றியவை. ஒன்று உண்மையில் பிழையன்று. எஞ்சிய ஒன்று, பெயரை வாங்கும் இடத்தில் இருந்தது. 20 இடம் ஒதுக்கி, 20 எழுத்துவரை வாங்கியிருந்தார். சி மொழியில் சொல்லின் இறுதியில் வரும் சுழியத்துக்கு 21ஆவது இடம் வேண்டும் என்பதை மறந்திருந்தார். சோதித்தபோதெல்லாம் அவர் கொடுத்தது தம் பெயரையே; அதில் ஏழே எழுத்து.

திருத்தியதைக் காட்டிவிட்டு, பிழையன்று எனக் கண்ட அந்த ஒன்றுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டார். ‘பொய்யெச்சரிக்கை’ என்று எழுதச் சொன்னோம்.