பழுப்பேறிய லென்ஸுக்கு வெயில் வைத்தியம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு விமானங்களில் பறந்த லென்ஸ், கோடக் ஏரோ எக்டார். குவியத் தூரம் 178 மி.மீ., திறப்பு எஃப் 2.5. போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விற்பனைக்கு வந்தது. 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தை டேவிட் பர்னெட் ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் இதைப் பொருத்திப் படமெடுத்த பிறகு பழைய சரக்குக்குப் புது மவுசு.

ஆசையாக வாங்குபவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பல லென்ஸ்கள் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். கலர் ஃபிலிமில் வெள்ளைச் சட்டைகூட மஞ்சளாக விழும். எத்தனை துடைத்தாலும் போகாது. காரணம் அழுக்கல்ல, தோரியம்.

ஒளியை அதிகம் வளைத்து, நிறங்களை அதிகம் பிரிக்காத கண்ணாடி தேவைப்பட்டதால் தோரியம் ஆக்ஸைடைக் கலந்தார்கள். பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் இருந்த அதே சரக்கு. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதிலிருந்து ஓயாமல் கசியும் கதிர்வீச்சு கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்துச் சிறைவைக்கிறது. அந்த இடங்கள் நீல ஒளியை விழுங்குவதால் மிஞ்சுவது மஞ்சள்.

நோயைக் கண்டறிவது சுலபம். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மீது லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி முழுக்கச் சீரான பழுப்பு என்றால் தோரியத்தைச் சந்தேகிக்கலாம். ஓரங்களில் மட்டும் மஞ்சளோ வானவில் திட்டுகளோ தெரிந்தால், கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் பசை கெட்டிருக்கிறது. நிறமே இல்லாமல் படம் மட்டும் வெளிறினால், மேற்பூச்சு இல்லாத லென்ஸில் ஒளி சிதறுகிறது என்று பொருள். அதற்கு ஹூட் போதும்.

தோரியப் பழுப்புக்கு மருந்து புற ஊதாக் கதிர். வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்தால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் விடுபட்டு நிறம் வெளுக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் தாமதமாகும். அது புற ஊதாவின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். இவ்வளவு பெரிய லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டக்கூடும் என்பதால் பக்கத்தில் ஆள் இருப்பது அவசியம். அதிகச் சூடு பசையையும் இளக்கிவிடும்.

நிறம் போனாலும் கதிர்வீச்சு போகாது. ஆண்டுகள் கழித்து மஞ்சள் திரும்பலாம். கேமராவில் வைத்துப் படமெடுப்பதால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கண்ணாடியைத் தேய்ப்பதும், அதைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதும், ஃபிலிம் பெட்டியுடன் சேர்த்து வைப்பதும் கூடாது.

கறுப்பு வெள்ளைக்காரர்களுக்கு இந்த வைத்தியமே தேவையில்லை. பழுப்பேறிய லென்ஸ் மஞ்சள் ஃபில்டர் போல வானத்தைக் கருமையாக்கி மேகங்களை எடுத்துக்காட்டும். விழுங்கிய ஒளிக்கு ஈடாக எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினால் சரி.