நீதிமன்றம் ஏறிய தவளை

தவளை தன் வாயால் கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் வாயாலேயே வம்சத்தைக் காப்பாற்றிக் கொள்ளும் தவளை ஒன்று தென் அமெரிக்காவில், சிலி நாட்டுக் காடுகளில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம்கூட இராது. 1834-ல் அங்கே போயிருந்த சார்லஸ் டார்வின் கண்டெடுத்ததால் டார்வின் தவளை என்றே அதற்குப் பெயர். அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே குஞ்சுகளைக் கண்டு, இது குட்டி போடும் தாய்த் தவளை என்று எழுதி வைத்துவிட்டார்கள். தாய் அல்ல, தகப்பன் என்று 1872-ல் நிரூபித்தவர் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி ஹிமெனெஸ் தெ லா எஸ்பாடா. முட்டைக்குள் கரு அசையத் தொடங்கியதும் ஆண் தவளை அதை வாயில் எடுத்து, கூவுவதற்கென்று தனக்கு அமைந்த குரல் பையில் வைத்துக் கொள்கிறது. சில வாரங்களுக்கு அந்தப் பைதான் தொட்டில். வால் மறைந்து, கால் முளைத்த பிறகே குட்டிகள் வாய் வழியாக வெளியே குதிக்கின்றன. கண்டெடுத்ததற்கும் புரிந்து கொண்டதற்கும் இடையே 38 ஆண்டுகள்!

தவளை ஆராய்ச்சி என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். இரவில் விளக்கும் கையுமாக ஓடையில் இறங்கி, சத்தம் வரும் திசையில் துழாவி, பிடித்ததை அளந்து, பெயரிட்டு, ஏட்டில் பதிந்து வைக்கும் வேலைக்குச் சம்பளம் வேறா என்று கேட்பவர்களும் உண்டு. ஈக்வடார் நாட்டில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும்.

அளவில் சிறிய நாடாயினும், ஈக்வடாரில் 600-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. ஆண்டிஸ் மலைச் சரிவில் மூடுபனி சூழ்ந்த ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் அதற்கே உரிய தவளைகள். அவற்றில் ஒன்றை, நீண்ட மூக்கும் பழுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகளும் கொண்டதை, 1868-ல் எட்வர்ட் கோப் என்ற அமெரிக்கர் ஏட்டில் ஏற்றினார். 1989-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. பூண்டோடு அழிந்தது என்றே விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். 2016 மார்ச்சில் இந்தாக் பள்ளத்தாக்கில் ஹுனின் என்ற சிற்றூரின் அருகே, மிஞ்சியிருந்த துண்டுக் காடுகளில், நான்கு தவளைகள் அகப்பட்டன. அதே இனம்! இன்னும் மூன்றாண்டுகளில், காணாமற் போயிருந்த வேறொரு தவளையும் அங்கேயே தென்பட்டது.

அந்த மண்ணுக்கு அடியில் செம்பு இருக்கிறது. சுரங்கம் தோண்டுவதற்குச் சிலி, ஈக்வடார் இரு நாடுகளின் அரசு நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்திருந்தன. ஊர் மக்களோ 1990-களிலிருந்தே சுரங்கம் வேண்டாம் என்று போராடி வந்தவர்கள். ஈக்வடார் 2008-ல் இயற்றிய அரசியல் சட்டம், இயற்கைக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம். ஆகவே 2020-ல் இந்தத் தவளைகளின் பேரிலேயே வழக்குத் தொடுத்தார்கள். ஒரு நீதிபதி ஏற்றார், மேலே போனபோது தள்ளுபடியாயிற்று. கடைசியில் 2023 மார்ச்சில் இம்பாபுரா மாகாண நீதிமன்றம் சுரங்கத்தின் அனுமதியை ரத்துச் செய்தது. மக்களை முறைப்படி கலந்து கொள்ளவில்லை, இயற்கையின் உரிமை மீறப்பட்டது என்பவை அது சொன்ன காரணங்கள்.

இன்ன தவளை, இன்ன ஓடையில் வாழ்கிறது, வேறெங்கும் இல்லை என்று ஏட்டில் பதிந்து வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த வழக்குக்கு வாதியே கிடையாது. பெயரில்லாத ஜந்துவுக்காக எந்த வக்கீலும் நிற்க முடியாது என்பதை நம் சர்க்கார்களும் சர்வகலாசாலைகளும் மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

செம்பு இல்லாமல் மின்சாரம் ஏது, ஏழை நாடு தவளைக்காகச் செல்வத்தைப் புதைத்து வைப்பதா என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அந்தக் காடுகளில் இருப்பது என்னென்ன என்றே இன்னும் கணக்கெடுத்து முடியவில்லை. அதே ஈக்வடாரில் 1974-ல் ஜான் டாலி என்ற அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஒரு சிறு நச்சுத் தவளையைப் பிடித்தார். அதன் தோலில் இருந்த சத்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மார்பினைவிடச் சுமார் 200 மடங்கு வலி போக்கியது. பிறகு 750 தவளைகளைச் சேகரித்தும் கிடைத்தது கடுகளவுகூட இல்லை. அதன் அமைப்பு தெரிய 1992 ஆயிற்று. அது மருந்தாகவில்லை, விஷம் அத்தனை கடுமை. ஆனாலும் அபின் வகையைச் சேராத வழியிலும் மார்பினைவிட வலுவாக வலியை அடக்கலாம் என்று அது காட்டியது. இன்னொரு சங்கதியும் உண்டு: கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த தவளைகளின் தோலில் அந்த நஞ்சு இல்லை! அது காட்டில் தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து வருவது. காடு போனால், தவளையை மட்டும் காப்பாற்றி வைத்தும் பயனில்லை.

காட்டை விட்டு வைத்தாலும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. தவளையின் தோலைப் பற்றும் ஒரு பூஞ்சைக் காளானை 1999-ல் விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள். தவளை தோலாலேயே தண்ணீர் குடிப்பது, தோலாலும் மூச்சு விடுவது. தோல் கெட்டால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இருதயம் நின்றுவிடுகிறது. இந்த நோயால் 501 இனங்கள் குறைந்தன, அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. மத்திய, தென் அமெரிக்காவுக்குத்தான் பெரும் நஷ்டம்.

டார்வின் தவளையையும் அது விடவில்லை. 2023-ல் சிலோயே தீவுக் காட்டில் நோய் புகுந்து, ஓராண்டுக்குள் அங்கிருந்தவற்றில் பெரும் பகுதி மடிந்தது. நோய் தொற்றாத ஐம்பதுக்கும் மேற்பட்ட தவளைகளை 2024-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு போனார்கள். குரல் பையில் குஞ்சுகளைச் சுமந்தபடியே கடல் கடந்த 11 தகப்பன்மார் அங்கே 33 குட்டிகளை ஈன்றார்கள். அந்தக் குட்டிகளின் வம்சம் சிலிக் காட்டுக்குத் திரும்ப வேண்டுமானால், காட்டிலே பரவிய பூஞ்சைக்கு மாற்றுக் காண வேண்டும். அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.