ரெண்டு சேனல் சேர்ந்தா வோல்ட்டேஜ் ஏறுமா?

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். ரோபோ காரைக் கையில தூக்கிப் பிடிச்சா சக்கரம் ஜோரா சுத்துது. தரையில விட்டா 'ம்ம்ம்'னு முனகிட்டு அப்படியே நிக்குது. உடனே ஒரு சீனியர் வந்து, "எல்298 போர்டுல ரெண்டு சேனல் இருக்குல்ல மச்சி? ரெண்டையும் சேர்த்துக் கட்டு, வோல்ட்டேஜ் டபுள்!" என்பார்.

ஆகாது பாஸ்!

திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு ஒரே நேரத்துல ரெண்டு பஸ் விட்டா, ரெண்டு மடங்கு ஜனம் போகலாம். ஆனா யாரும் சீக்கிரம் போய்ச் சேர மாட்டாங்க. சேனல்களும் அப்படித்தான். சேர்த்தா கரன்ட்டைப் பங்கு போட்டுக்கும். டார்ச் லைட்டுல செல் அடுக்குற மாதிரி வோல்ட்டேஜை அடுக்க முடியாது. ஏன்னா ரெண்டு சேனலுக்கும் பேட்டரி ஒண்ணு, கிரவுண்ட் ஒண்ணு.

அப்போ வோல்ட்டேஜ் எங்கே போச்சு? எல்298-க்குள்ள இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர். 1 ஆம்பியர் ஓடும்போதே சுமார் 1.8-ல இருந்து 3.2 வோல்ட் வரை அதுவே முழுங்கிடும். நீங்க 6 வோல்ட் கொடுத்தா மோட்டாருக்குப் போறது நாலு, மூணுதான். சேனலைச் சேர்த்தா ஒவ்வொண்ணுலயும் கரன்ட் குறையும், முழுங்குறதும் கொஞ்சம் குறையும். சீனியர் பார்த்த 'எக்ஸ்ட்ரா வோல்ட்டேஜ்' இதுதான்!

கரன்ட்டுக்காகச் சேர்க்கணும்னா முறை இருக்கு. 1-ஐ 4-ஓட, 2-ஐ 3-ஓட. அவுட்புட் மட்டுமில்ல, இன்புட்டையும் அதே ஜோடியா சேர்க்கணும். ரெண்டு எனேபிளும் ஒண்ணாத்தான் ஆன் ஆகணும். மாத்திக் கட்டினா ஒரு சேனல் தள்ளும், இன்னொண்ணு இழுக்கும். நடுவுல ஷார்ட். சிப் புகையும், ரிவ்யூவும் புகையும்!

நிஜமான வைத்தியம்? முதல்ல மோட்டார் ஓடும்போதே பேட்டரியில மல்டிமீட்டர் வைங்க. அங்கேயே வோல்ட்டேஜ் விழுந்தா குற்றவாளி பேட்டரி. குட்டி 9 வோல்ட் டப்பா பேட்டரியால ரெண்டு மோட்டாரை இழுக்க முடியாது. பேட்டரி ஓகேன்னா, மோட்டார் தாங்குற அளவுக்குள்ள சப்ளையை ஏத்துங்க. சின்ன மோட்டார்னா டிபி6612 மாதிரி மாஸ்ஃபெட் டிரைவருக்கு மாறுங்க. அது முழுங்குறது ரொம்பக் கம்மி.

நம்ம விழுப்புரத்துல டிப்ளமோ படிச்ச வீரமுத்துவேல்தான் சந்திரயான்-3 திட்ட இயக்குநர். 2019-ல லேண்டர் நிலவுல மோதினப்போ, எங்கே தப்புன்னு டேட்டாவை அலசிட்டுத்தான் அடுத்ததைக் கட்டினாங்க. 2023 ஆகஸ்ட் 23-ல ஜம்முனு இறங்குச்சு.

உங்க காரும் நகரும். சீனியரை நம்புங்க, ஆனா மல்டிமீட்டரை இன்னும் கொஞ்சம் அதிகமா நம்புங்க!