எரிமலைச் சாம்பலும் அன்றாடக் கூலியும்

எரிமலை வெடிப்பது இந்தோனேசியாக்காரன் பாடு, ஏரோப்பிளேனில் போகிறவன் பாடு, நமக்கென்ன என்று மருந்து வாங்க வருகிற தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை.

1982 ஜூன் 24-ம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஜாவாவுக்குப் பக்கத்தில் 37,000 அடி உயரத்தில் பறக்கும்போது நான்கு எஞ்சினும் நின்றுபோயின. உள்ளே 263 பேர். மேற்கு ஜாவாவின் கலுங்குங் மலை கக்கிய சாம்பலுக்குள் விமானம் புகுந்துவிட்டது. இருட்டில் கண்ணுக்கும் தெரியவில்லை, ராடாரிலும் விழவில்லை. அந்த ராடார் மழைமேகத்து ஈரத்தைத்தான் காட்டும், காய்ந்த சாம்பலைக் காட்டாது.

இது அடுப்புச் சாம்பல் மாதிரி அல்ல. பொடிப்பொடியான கல்லும் கண்ணாடியும். எஞ்சின் சூட்டில் உருகி, பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். அன்றைக்கு விமானம் கீழே இறங்க இறங்க, ஒட்டியது ஆறி உதிர்ந்ததால் எஞ்சின்கள் மறுபடி ஓடின. ஜகார்த்தாவில் இறங்கி எல்லாரும் பிழைத்தார்கள்.

இரும்புக்கே இந்தக் கதி என்றால் நம்ம நெஞ்சு எம்மாத்திரம்? அந்தப் பொடி கண்ணில் விழுந்து கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். மூச்சோடு போனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கிளம்பிவிடும். கூரையில் சேர்ந்து மழையில் ஊறினால் கனம் தாங்காது. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாதுபோ வெடித்தபோது புயல்மழையும் சேர்ந்துகொண்டது. கூரை இடிந்து விழுந்து செத்தவர்களே அதிகம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கூலியைப் பற்றி. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. அதன் பேர் வாயில் நுழையாது, விடுங்கள். ஆறு நாளாக ஐரோப்பிய வானத்தின் பெரும்பகுதியை மூடினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. நிலையங்களில் படுத்துக்கிடந்த பயணிகளைத்தான் உலகம் பார்த்தது. ஆனால் கென்யாவில் நைவாஷா ஏரிப் பக்கம் பூத்தோட்டங்களில் ஆயிரக்கணக்கான நாள்கூலிக்காரர்களை வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்ற முடியாமல் ரோஜாவை டன் கணக்கில் கொட்டினார்கள். அந்த ஊரில் ஒரு பொட்டுச் சாம்பல் விழவில்லை! மழை பெய்து பால்வெட்டு நின்ற நாளில் பெரட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

நமக்கு வருகிற சாம்பல் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வெளியே நடமாடாதீர்கள் என்று ரேடியோ சொல்லும். பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை, போனால் நெஞ்சு கெடும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தொழிலாளியைக் கேட்பது நியாயமே இல்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் வெளிக்காட்டு வேலையை நிறுத்தி, அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நமது சங்கம் இதைக் கேட்கட்டும்.

அதுவரைக்கும் ஒன்று: கைக்குட்டையை நனைத்துக் கட்டினால் போதும் என்று பல பேர் நம்புகிறார்கள். நனைத்தாலும் காய்ந்தாலும் துணி அந்த நுண்ணிய தூசியைச் சரியாகத் தடுக்காது. என்-95 கவசம்தான் வேண்டும். அதுவும் மூக்கிலும் தாடையிலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் பம்பு மருந்து தீருவதற்கு முன்பே தோட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.