நேரம் நம் கையில் என்பது யாருக்கு?

ஃப்ரீலான்ஸ் வேலையின் பெரிய கவர்ச்சியே நம் நேரம் நம் கையில் இருக்கும் என்பதுதான். ஆனால் வீட்டுக்குள் அந்த நேரம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்கு 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஆண்களோ 88 நிமிடங்களை. வீட்டிலிருந்து மொழிபெயர்ப்போ டிசைனிங்கோ செய்யும் ஆண் கதவைச் சாத்திக்கொண்டால், ‘அவர் வேலையா இருக்கார்’ என்று வீடே அடங்குகிறது. பெண்ணுக்குக் கிடைப்பது, ‘வீட்லதானே இருக்கே’. சிலிண்டர் வந்தாலும் மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தர வேண்டுமென்றாலும் எழுந்து போவது அவர்தான். பாதியில் விட்ட வேலை இரவு பத்து மணிக்குமேல் தொடர்கிறது. வருமானம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், பெண்ணின் வருமானத்துக்குத் தூக்கம் விலையாகிறது. ஃப்ரீலான்ஸ் ஆண், பெண் நலவாழ்வில் உள்ள வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

இதை மறுப்பவர்கள் அமெரிக்க ஊபர் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வைக் காட்டலாம். அங்கே கட்டணக் கணக்கீடு ஆண், பெண் பார்ப்பதில்லை. இருந்தும் ஆண்கள் மணிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வண்டி ஓட்டும் வேகம், தேர்ந்தெடுக்கும் இடம், அனுபவம் ஆகியவையே காரணங்கள் என்றது ஆய்வு. பாகுபாடு இல்லை என்பதற்கு இது சான்றாகச் சொல்லப்படுகிறது. வேகத்தை விட்டுவிடுவோம். அனுபவம் என்பது சேர்ந்துவந்த மணிநேரம் அல்லவா? அந்த மணிநேரம் யாருக்கு மிச்சமாகிறது என்று கேட்காமல், சந்தை நடுநிலையானது என்று எப்படி முடிவுகட்டுவது?

பெண்கள் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு விரும்பித்தானே வருகிறார்கள், திருப்தி என்றும் சொல்கிறார்களே என்ற கேள்வி இன்னும் வலுவானது. அந்தத் திருப்தி பொய்யல்ல. ஆனால், வெளியே வேலைக்குப் போகவே வழியில்லாத நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் திருப்தி அது. நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் ஆசைகளையே சுருக்கிக்கொள்வார்கள் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார். அந்த இல்லாமை எப்படிப்பட்டது என்பதற்குப் பிரசவத்தைப் பாருங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 26 வாரச் சம்பள விடுப்பு, நிறுவன ஊழியர்களுக்கானது. ஃப்ரீலான்ஸ் பெண்ணுக்கு அந்த மாதங்களில் வருமானமும் இல்லை. திரும்பி வரும்போது பழைய வாடிக்கையாளர்களும் இருக்கமாட்டார்கள். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்களுக்கு மகப்பேறு உதவி, குழந்தைகள் காப்பகம் பற்றியெல்லாம் பேசுகிறது; செயலி நிறுவனங்கள் அதற்கான நிதிக்குப் பங்களிக்க வேண்டும் என்கிறது. செயலி எதுவும் இடையில் இல்லாமல் நேரடியாக வேலை வாங்கிச் செய்யும் பெண்ணுக்காக யார் பங்களிப்பார்கள்? அந்தப் பங்கை அரசே செலுத்த வேண்டும்; மகப்பேறு உதவியிலிருந்து அதைத் தொடங்க வேண்டும்.