திரைப்படத் தகடுகளுக்கும் ஒரு பேரேடு

நம் இல்லங்கள் பலவற்றில் விசிடி, டிவிடி, புளூரே எனப் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த திரைப்படத் தகடுகள் அலமாரியை நிறைத்திருக்கின்றன. இணையத்திலேயே படம் பார்க்கும் வசதி வந்தபின் இவற்றுக்கு மதிப்பில்லை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. இணையச் சந்தாவில் இன்று காணும் படம், உரிமக் காலம் முடிந்ததும் மறைந்துவிடலாம். விலை கொடுத்து வாங்கிய தகடோ நம் உடைமை. எனினும், தேடியபோது கிடைக்காத உடைமையால் பயன் என்ன?

இதற்குக் கணினியில் பட்டியலிடும் மென்பொருள்கள் உள்ளன. விண்டோஸ் கணினிக்கு ஆன்ட் மூவி கேட்டலாக், லினக்ஸ் கணினிக்கு டெலிகோ ஆகியவை கட்டணமின்றிக் கிடைப்பவை. படத்தின் பெயரைத் தந்தால் இயக்குநர், நடிகர்கள், ஆண்டு, ஓடும் நேரம் ஆகியவற்றை இணையத் தரவுத்தளங்களிலிருந்து பெற்று நிரப்பிக்கொள்ளும் வசதி இவற்றில் உண்டு. தகட்டை இரவல் பெற்றவர் யார் என்பதையும் குறித்து வைக்கலாம்.

ஆயினும், மென்பொருள் தரும் விவரத்தைச் சரிபாராமல் ஏற்பது, காசோலையின் கையொப்பத்தை ஒப்பிடாமல் பணம் கொடுப்பதற்கு ஒப்பாகும். ‘தேவதாஸ்’ என்று தேடிப் பாருங்கள். 1935-இல் பருவா இயக்கிய வங்காளப் படம், 1936-இல் சைகல் நடித்த இந்திப் படம், 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம், 1955-இல் பிமல் ராய் இயக்கத்தில் திலீப் குமார் நடித்த படம், 2002-இல் சஞ்சய் லீலா பன்சாலி இயக்கிய படம் என ஒரே கதை பல வடிவங்களில் உள்ளது. உறையில் உள்ள ஆண்டையும் இயக்குநரையும் ஒப்பிட்ட பின்னரே பதிவை உறுதி செய்ய வேண்டும்.

பட்டியலிடுவோர் பெரும்பாலும் கடையில் வாங்கிய படங்களிலிருந்தே தொடங்குகின்றனர். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து. அதே அலமாரியில் தங்கையின் திருமணம், தந்தையின் அறுபதாம் ஆண்டு நிறைவு, குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆகியவை பதிவான தகடுகளும் இருக்கும். அவற்றைப் பற்றி எந்தத் தரவுத்தளமும் அறியாது. அதில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் விற்கும் திரைப்படத் தகடு ஆலையில் அச்சில் அழுத்தி உருவாக்கப்படுவது. கணினியில் பதிவு செய்த தகடுகளில் பெரும்பாலானவற்றில் தகவல் ஒரு சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. வெப்பமும் ஒளியும் அச்சாயத்தைக் கெடுக்கும். தொலைந்தால் மீண்டும் வாங்கக்கூடிய படம் உறுதியான தகட்டிலும், மீண்டும் பெறவே இயலாத குடும்ப நிகழ்வு நலிந்த தகட்டிலும் இருப்பதே இதன் வேதனை. ஆகவே குடும்பத் தகடுகளை முதலில் பட்டியலில் ஏற்றி, அப்போதே வன்தட்டில் ஒரு நகலும் எடுத்துவிடுதல் நன்று.

வங்கிப் பணியில் நாங்கள் கற்ற சில நெறிகள் இங்கும் பொருந்தும். ஒவ்வொரு தகட்டின் உறைக்கும் ஒரு வரிசை எண் தந்து, அதையே பட்டியலிலும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலையும் அலமாரியையும் ஒப்பிட்டு இருப்பைச் சரிபாருங்கள். பட்டியலை எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பாகவும் சேமியுங்கள். மென்பொருள் வழக்கொழிந்தாலும் உங்கள் உழைப்பு வீணாகாது.

பட்டியல் எங்கே உள்ளது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். வைப்புக் கணக்கில் நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்யுமாறு வாடிக்கையாளர்களை நாங்கள் ஓயாது வலியுறுத்துவது எதற்காக? சேர்த்தவர் இல்லாத நாளிலும் சேர்த்தது உரியவரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகத்தானே! பாட்டியின் குரல் எந்தத் தகட்டில் இருக்கிறது என்பதைப் பேரக்குழந்தைகள் அறிந்திருப்பதும் அத்தகையதொரு ஏற்பாடே.